4294967297-ஐக் கொடுத்துப் பாருங்கள்: காரணி பிரிக்கும் நான்கு கருவிகள், ஒரு மதிப்பீடு

எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் கருவியை 360, 1001 போன்ற எண்களைக் கொடுத்துச் சோதிப்பதில் பயன் இல்லை. அவை எந்தக் கருவியிலும் சரியாகத்தான் வரும். கருவி எதுவரை போகிறது, எங்கே நிற்கிறது, நின்ற இடத்தை ஒப்புக்கொள்கிறதா என்று தெரிய வேண்டுமானால் 4294967297-ஐக் கொடுக்க வேண்டும்.

நம் கணக்கில் படித்தால் அது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. சிங்கப்பூர்ப் பள்ளிக் கணக்கில் 4 பில்லியன் 294 மில்லியன் என்று தொடங்கும். எழுதுவதற்குச் சுருக்கமான வழி 2³² + 1. பத்து இலக்கம், அதாவது சாதாரண அறிவியல் கால்குலேட்டரின் திரையை ஓர் இலக்கமும் மிச்சமில்லாமல் நிரப்பும் அளவு. கணினியின் 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் 4294967295; நம் எண் அதைவிட 2 அதிகம். இரண்டு எல்லைகளின் விளிம்பில் நிற்பதால் கருவியின் பலவீனம் உடனே வெளியே வந்துவிடும்.

அதற்கொரு வரலாறும் உண்டு. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றும் 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்கி 1 கூட்டியதால் வருவது. அந்த வரிசையில் அடுத்து வருவது நம் எண். இப்படி வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் கணிதவியலாளர் ஃபெர்மா கருதினார். 1732-இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் அதை உடைத்தார்: 4294967297 = 641 × 6700417. இரண்டு காரணிகளும் பகா எண்கள். ஆக, ஒரு கருவி சொல்ல வேண்டிய சரியான பதில் நமக்கு முன்கூட்டியே தெரியும். எந்தக் கருவி அந்தப் பதிலை எந்த அளவு உறுதியோடு சொல்கிறது என்பதுதான் இங்கே மதிப்பீடு.

கேசியோ கிளாஸ்விஸ் கால்குலேட்டர்

உயர்நிலை 1-இல் பகாக் காரணி, மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) பாடம் வரும்போது பிள்ளைகளின் பையில் கேசியோ கால்குலேட்டர் இருக்கும். (வீட்டில் உதவும் பெற்றோர் கவனிக்க: சிங்கப்பூரில் கணிதத்தை ஆங்கிலத்தில் படிப்பதால் 'பகா எண்' என்றால் பிள்ளைக்கு உடனே பிடிபடாது. 'பிரைம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தமிழ்ச் சொல்லைத் தொடருங்கள்.) கிளாஸ்விஸ் வரிசையில் 'ஃபேக்ட்' என்னும் வசதி உள்ள மாடல்களையே இங்கே குறிப்பிடுகிறோம்.

எண்ணைத் தட்டி, சமக்குறியை அழுத்தி, பிறகு ஷிஃப்ட், அதன்பின் மேலே 'ஃபேக்ட்' என்று எழுதிய பொத்தான். வரிசை முக்கியம். சமக்குறி போட்டு விடை திரையில் வந்த பிறகுதான் காரணி பிரிக்க முடியும்.

4294967297-க்குத் திரையில் வருவது: 641 × (6700417).

அந்த அடைப்புக்குறியைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 'இந்தப் பகுதியை என்னால் மேலும் பிரிக்க முடியவில்லை' என்பது அதன் பொருள். அது பகா எண் என்றும் சொல்லவில்லை, பகு எண் என்றும் சொல்லவில்லை. இந்தக் கால்குலேட்டரின் மிகப் பெரிய சிறப்பாக நாங்கள் கருதுவது இதைத்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாத கருவியை நம்பலாம்.

அடைப்புக்குறி எப்போது வரும்? கால்குலேட்டர் மூன்று இலக்கம் வரையிலான பகா எண்களால், அதாவது 2 முதல் 997 வரை உள்ள 168 பகா எண்களால் மட்டுமே பிரிக்கும். அதன்பின் மிஞ்சும் எண்ணுக்கு 997-ஐவிடப் பெரிய காரணிகள்தான் இருக்க முடியும். அடுத்த பகா எண் 1009. அதன் வர்க்கம் 1018081. மிஞ்சியது 1018081-ஐவிடச் சிறியது என்றால் அது கட்டாயம் பகா எண். அடைப்புக்குறி இல்லாமல் வரும். அந்த அளவோ அதற்கு மேலோ என்றால் கால்குலேட்டருக்கு உறுதி இல்லை; அடைப்புக்குறி போட்டுவிடும். 1018081 என்னும் இந்த எல்லை கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஏன் அந்த எண் என்று கேட்டால் காரணம் இதுதான்.

நம் எண்ணின் அக்கம்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இரண்டு குறைத்து 4294967295 கொடுங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537, அடைப்புக்குறியே இல்லை. அந்த வரிசையின் ஐந்து பகா எண்களும் ஒன்றாகப் பெருகி நிற்கும் அழகான எண் அது. ஒன்று குறைத்தால் 2³². ஒன்று கூட்டி 4294967298 கொடுத்தால் 2 × 3 × (715827883). இதில் அடைப்புக்குறிக்குள் இருப்பதும் பகா எண்தான். ஆனால் 1022117 கொடுங்கள்: (1022117) என்று முழு எண்ணும் அடைப்புக்குறிக்குள் வரும். இது 1009 × 1013, பகு எண். இரண்டு இடத்திலும் அதே அடைப்புக்குறி. 'அடைப்புக்குறிக்குள் இருந்தால் பகா எண்' என்று மனப்பாடம் செய்த மாணவர் 1022117-இல் தவறு செய்வார்.

அடைப்புக்குறியைக் கையால் திறப்பது

6700417-இன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். ஆகவே அது பகு எண்ணாக இருந்தால் 2588-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். 997 வரை கால்குலேட்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1009-இல் தொடங்கி 2579 வரை இன்னும் 208 பகா எண்கள் பாக்கி. அத்தனையையும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை.

நம் எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 தருவதாகத்தான் இருக்கும். ஆய்லர் 64-ஆல் வகுத்தால் மீதி 1 என்று காட்டினார். 19-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் லூகா அதை 128 ஆக்கினார். 6700417-இன் காரணி நம் எண்ணுக்கும் காரணிதான் என்பதால் அதே நிபந்தனை பொருந்தும். 1009-க்கும் 2588-க்கும் நடுவில் அந்த வடிவில் 13 எண்கள் உள்ளன. 1025 ஐந்தால் வகுபடும், 1281 மூன்றால், 1537 என்பது 29 × 53, 1793 என்பது 11 × 163, இப்படியே கழித்துக்கொண்டு போனால் பகா எண்களாக மிஞ்சுபவை இரண்டே: 1153, 1409.

6700417 ÷ 1153: ஈவு 5811, மீதி 334.
6700417 ÷ 1409: ஈவு 4755, மீதி 622.

முடிந்தது. 6700417 பகா எண். 208 வகுத்தல் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

மீதி காட்டும் பொத்தான் இல்லாத மாடலில் செய்யும் முறை: வகுத்து வரும் தசம விடையிலிருந்து முழு எண்ணைக் கழித்து, மிஞ்சியதை வகுத்தியால் பெருக்க வேண்டும். 5811.28967… என்பதிலிருந்து 5811-ஐக் கழித்து 1153-ஆல் பெருக்கினால் 334. திரையில் தெரியும் இலக்கங்களைப் பார்த்து மறுபடி தட்டாமல் 'ஆன்ஸ்' பொத்தானைப் பயன்படுத்துங்கள். கையால் தட்டினால் கடைசி இலக்கங்கள் விடுபட்டு 333.9 என்பதுபோல் வந்து குழப்பும்.

641 எப்படி வந்தது என்பதையும் இதே வழியில் காட்டலாம். 128-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்களில் முதல் பகா எண் 257. அது நம் எண்ணை வகுக்காது, ஏனெனில் 257-உம் நம் எண்ணும் உள்ள 3, 5, 17 வரிசையில் எந்த இரண்டு எண்ணுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. அடுத்த பகா எண்ணே 641. ஆய்லரின் 64 வடிவத்தில் போனால் 193, 257, 449, 577 தாண்டி ஐந்தாவதாக வரும்.

பெருக்கிப் பார்க்காமலே 641 வகுக்கும் என்று நிறுவ ஒரு வழி உண்டு. வகுப்பில் காட்டத் தகுந்தது. 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதல் வரியிலிருந்து, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாம் வரியிலிருந்து 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். அப்போது −2³² என்பது 1-க்குச் சமம். ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

கால்குலேட்டரின் இன்னோர் எல்லை: திரையில் பத்து இலக்கத்துக்கு மேல் போகும் பெருக்கல். 4294967296-ஐ வர்க்கமாக்கினால் 1.844674407 × 10¹⁹ என்று நிற்கும். உண்மையான விடை 18446744073709551616. பின்பாதி தொலைந்துவிட்டது. எனவே பெரிய அடுக்குகளின் மீதியைக் கேட்கும் எந்தச் சோதனையும் இதில் நடக்காது. அதற்குக் கணினிதான்.

பாரி ஜிபி மென்பொருள்

பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் உருவான, காசு கொடுக்க வேண்டாத மென்பொருள். எண் கோட்பாட்டுக்கென்றே செய்தது. கணினியில் நிறுவினால் கறுப்புத் திரையும் ஒரு கேள்விக்குறியும்தான் வரும். அழகு பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் நாங்கள் பார்த்தவற்றில் இதற்கு ஈடு இல்லை.

'ஃபேக்டர்' கட்டளைக்குள் 2^32+1 என்று கொடுத்தால் 641-உம் 6700417-உம் தனித்தனி வரியில், ஒவ்வொன்றின் அடுக்கும் 1 என்று பக்கத்தில் வரும். 'சிக்மா' கட்டளை எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகையைத் தரும்: 4301668356. 'ஆய்லர்ஃபை' கட்டளை, நம் எண்ணோடு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்று சொல்லும்: 4288266240. இந்த இரண்டையும் கால்குலேட்டரில் சரிபார்க்கலாம். முதலாவது 642 × 6700418, இரண்டாவது 640 × 6700416. இரண்டையும் கூட்டினால் 8589934596. அது நம் எண்ணோடு 1 கூட்டி இரட்டித்தது. இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாக உள்ள எந்த எண்ணுக்கும் இந்தக் கூட்டல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ இலக்கம் தவறியிருக்கிறது.

பாரியின் உண்மையான பலம் மீதிக் கணக்கில் தெரிகிறது. நம் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் 'மாட்' என்னும் வடிவில் 2-ஐக் கொடுத்து, நம் எண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். மீதி 1 வரும். பகா எண்ணுக்கு வர வேண்டிய விடை இது! 2³² என்பது இங்கே −1 என்பதால், 2⁶⁴ என்பது 1. மேற்கொண்டு எத்தனை முறை வர்க்கமாக்கினாலும் 1 தான். அதாவது, அடிமானம் (அடுக்குக்கு உயர்த்தப்படும் எண்) 2-ஐ மட்டும் வைத்துச் சோதித்தால் 4294967297 பகா எண்போல் வேடமிட்டு நிற்கும். இன்னும் கடுமையான மில்லர்–ராபின் சோதனையிலும் அடிமானம் 2-க்கு இது தேறிவிடும். ஆகவேதான் இதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டோம். யாராவது எழுதிய நிரல் இந்த எண்ணைப் பகா எண் என்று சொன்னால், அது அடிமானம் 2-ஓடு நின்றுவிட்டது என்று உடனே கண்டுபிடிக்கலாம்.

அடிமானத்தை 3 ஆக்குங்கள். 3-ஐ 2³¹ அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 10324303. நம் எண் பகா எண்ணாக இருந்தால் இங்கே −1, அதாவது 4294967296 வந்திருக்க வேண்டும் என்பது 1877-இல் கணிதவியலாளர் பெப்பான் தந்த சோதனை. வரவில்லை, ஆகவே பகு எண். ஒரு காரணிகூடத் தெரியாமல் இந்த முடிவுக்கு வருகிறோம் என்பதைக் கவனியுங்கள். இன்னொரு முறை வர்க்கமாக்கினால் 3029026160. உங்கள் நிரலைச் சரிபார்க்க இந்த இரண்டு மீதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறை அல்ல, ஒரு எச்சரிக்கை. பாரியின் ஃபேக்டர் கட்டளை இயல்பாகத் தரும் பெரிய காரணிகள் வலுவான சோதனையில் தேறியவை. முழு நிறுவல் செய்யப்பட்டவை அல்ல. 2⁶⁴-க்குக் கீழே அந்தச் சோதனை தவறாது என்று சரிபார்க்கப்பட்டுவிட்டதால் நம் எண்ணுக்குக் கவலை இல்லை. அதைத் தாண்டிய எண்களுக்கு 'இஸ்பிரைம்' கட்டளையால் ஒவ்வொரு காரணியையும் தனியாக உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆல்பெர்னின் இணையப் பக்கம்

அர்ஜென்டினாவின் டாரியோ ஆல்பெர்ன் நடத்தும் காரணி பிரிக்கும் பக்கம். எதையும் நிறுவ வேண்டாம். எம்ஆர்டி ரயிலில் போகும்போது கைத்தொலைபேசியிலேயே பயன்படுத்தலாம். 2^32+1 என்று கோவையாகவே தட்டலாம். காரணிகளோடு வகுத்திகளின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை, ஆய்லரின் ஃபை மதிப்பு எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். எண்ணை வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுதிக் காட்டும்.

அந்தக் கடைசி வசதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் எண்ணுக்கு அதில்தான் சுவை. 65536² + 1² என்பது பார்த்ததுமே தெரியும். ஆனால் 62264² + 20449² என்றாலும் அதே எண்தான். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு வழிக்கு மேல் எழுத முடியாது; இரண்டு வழி கிடைத்தால் அது பகு எண். காரணியும் கிடைக்கும். 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448. இவற்றின் மீ.பெ.கா. 8. வகுத்தால் 409, 2556. 409² + 2556² = 6700417. மறுபக்கம் 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450; இவற்றை முறையே 2556-ஆலும் 409-ஆலும் வகுத்தால் இரண்டுமே 50. 8-லும் 50-லும் பாதி 4, 25. 4² + 25² = 641. காகிதத்தில் பத்து நிமிட வேலை. தொடக்கக்கல்லூரி மாணவர் ஒருவருக்கு இதைவிட நல்ல பயிற்சி சொல்லத் தெரியவில்லை.

வேலை முழுவதும் உங்கள் கருவியின் உலாவியிலேயே நடப்பதால் எண் பெரிதாகப் பெரிதாகக் கைத்தொலைபேசி சூடாகும். வரிசையில் நம் எண்ணுக்கு அடுத்தடுத்து வரும் 2⁶⁴ + 1, 39 இலக்கமுள்ள 2¹²⁸ + 1 ஆகியவை சிரமமில்லாமல் பிரியும். நூறு இலக்கத்தை நெருங்கினால் மேசைக் கணினிக்கு மாறிவிடுங்கள்.

ஃபேக்டர்டிபி

இது கணக்குப் போடும் கருவி என்பதைவிட, ஏற்கெனவே பிரித்து வைத்த எண்களின் பதிவேடு என்பதே பொருத்தம். நம் எண்ணுக்கு இது தேவையில்லை. 2⁴⁰⁹⁶ + 1 போன்ற ராட்சத எண்களில் இதுவரை எந்தக் காரணிகள் கிடைத்திருக்கின்றன என்று பார்க்க உதவும். முன்னால் வரும் குறியீடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 'எஃப்எஃப்' என்றால் முழுவதும் பிரிந்தது, 'சிஎஃப்' என்றால் சில காரணிகள் மட்டும் தெரியும், 'சி' என்றால் பகு எண் என்று தெரியும் ஆனால் காரணி தெரியாது, 'பிஆர்பி' என்றால் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு மிகுதி ஆனால் நிறுவவில்லை. கால்குலேட்டரின் அடைப்புக்குறி செய்த அதே நேர்மையான வேலையை இங்கே இந்த எழுத்துகள் செய்கின்றன.

தட்டும்போது நேரும் தவறுகள்

பைத்தானில் 2^32+1 என்று எழுதினால் விடை 35. அங்கே ^ குறி அடுக்கு அல்ல. பிட்டுகளை ஒப்பிடும் வேறொரு செயல். கூட்டல் முதலில் நடந்து 33 ஆகி, 2-ஓடு சேர்ந்து 35 வருகிறது. அடுக்குக்கு இரட்டை நட்சத்திரம் போட வேண்டும். பாரியிலும் எக்செல்லிலும் ^ சரியாக வேலை செய்வதால்தான் இந்தக் குழப்பம்.

இலக்கங்களுக்கு நடுவே காற்புள்ளி வைத்து 4,294,967,297 என்று ஒட்டினால் பைத்தான் அதை நான்கு தனி எண்களாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸின் ஃபேக்டர் கட்டளை ஏற்காது. காற்புள்ளி இல்லாமலே கொடுங்கள்.

சி மொழியில் 32 பிட் குறியில்லா மாறியில் நம் எண்ணை வைத்தால் அது 1 ஆகிவிடும், பிழைச் செய்தியே வராது. 64 பிட்டுக்கு மாறினால் எண் அடங்கும், ஆனால் மீதிக் கணக்கில் வரும் வர்க்கம் அடங்காது: 2³²-ஐ வர்க்கமாக்கினால் சரியாக 2⁶⁴, 64 பிட்டில் அது 0. ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண்கள் 9007199254740991 வரைதான் துல்லியம். அதற்குமேல் பிக்இன்ட் என்னும் எண் வகை வேண்டும்.

வாங்குவதற்கு முன்

காசு கொடுத்து வாங்க வேண்டியது கால்குலேட்டர் ஒன்றுதான். தேர்வுக்குக் கொண்டுபோவதென்றால் சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தின் அனுமதிப் பட்டியலில் மாடல் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பிராஸ் பசாவிலோ முஸ்தஃபாவிலோ காட்சிக்கு வைத்திருக்கும் மாடலில் மூன்று எண்களைத் தட்டுங்கள். 4294967295-க்கு ஐந்து காரணிகள், அடைப்புக்குறி இல்லாமல் வர வேண்டும். 4294967297-க்கு 641-உம் அடைப்புக்குறிக்குள் 6700417-உம். 1022117-க்கு முழு எண்ணும் அடைப்புக்குறிக்குள். மூன்றாவதை வெறும் 1022117 என்று அடைப்புக்குறி இல்லாமல் காட்டும் கருவி, 1009 × 1013-ஐப் பகா எண் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அதை வைத்துவிட்டு அடுத்த மாடலைக் கேளுங்கள்.